ஆச்சி வீடா, பால்வாடியா, பிளே ஸ்கூலா: பிள்ளை தன் காரியத்தைத் தானே பார்க்க எங்கே பழகும்?

அம்மா வீட்டு அங்கணத்தில் என் மகள் ஒரு செம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வயது இரண்டே கால். இரண்டு கையாலும் செம்பைத் தூக்கினால் கழுவக் கை இல்லை. ஒரு கையால் தூக்கினால் செம்பு சரிகிறது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செம்பைத் தரையில் வைத்துவிட்டு, கையை அதற்குள் முக்கி எடுத்தாள். அந்த வயசுக்கு நல்ல யோசனைதான். அடுத்த கையையும் முக்கப் போகும்போது அம்மா வந்துவிட்டாள். "தள்ளு ராசாத்தி, ஆச்சி ஊத்துதேன்" என்று செம்பை வாங்கினாள். பிள்ளை போட்ட கூப்பாட்டில் பக்கத்து வளவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் அவளே கழுவி முடித்திருப்பாள். அம்மாவுக்குப் பிள்ளை நனைந்துவிடுமே என்ற கவலை. எனக்கு, ஜூன் முதல் இவளை யாரிடம் விடுவது என்ற கவலை.

எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சி. காலையில் செங்கோட்டை ரயிலைப் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போய், பொழுது சாய்ந்த பிறகு திரும்புகிற வேலை எனக்கு. பிள்ளையை விட மூன்று இடம் உண்டு. இரண்டு தெரு தள்ளி அம்மா வீடு. எங்கள் தெருமுனையில் அங்கன்வாடி. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பால்வாடிதான். ஆற்றுப் பாலம் தாண்டினால் அம்பாசமுத்திரத்தில் ஒரு பிளே ஸ்கூல், வாசலுக்கே வேன் வரும்.

மூத்தவனுக்கு இந்த யோசனையே வரவில்லை. நேராகப் பிளே ஸ்கூல். இரண்டு வருடத்தில் ஆங்கிலப் பாட்டு பாடினான், நிறம் சொன்னான், யார் கேட்டாலும் கிழமைகளை ஒப்பித்தான். எல்.கே.ஜி. சேர்ந்த முதல் வாரத்தில் டவுசரை இறக்கத் தெரியாமல் பள்ளிக் கழிப்பறை வாசலிலேயே நின்று நனைத்துக்கொண்டு வந்தான். பிளே ஸ்கூலில் அதுவரை டயப்பர். வீட்டில் நான் இறக்கிவிடுவேன். அவன் இறக்குவதற்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. தப்பு எங்கள் இரண்டு பேர் மேலும்தான். ஆனால் நனைந்து வந்தவன் அவன்.

ஆகவே இந்தத் தடவை ஏ பி சி டி பற்றி யாரிடமும் கேட்கவில்லை. சாப்பிட, கை கழுவ, உடுத்த, கழிப்பறை போக, பல் தேய்க்க, இந்த ஐந்து காரியத்துக்கு மூன்று இடத்தில் எது தோது என்று மட்டும் பார்த்தேன்.

அதற்கு முன்னால், இந்த வயதுப் பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒன்றே கால் வயதில் விரலால் எடுத்துத் தின்னும். ஒன்றரை வயதில் கரண்டியைப் பிடுங்கி வாயருகே கொண்டுபோகும், பாதி சிந்தும். இரண்டு வயதில் கரண்டியால் ஓரளவு சாப்பிடும். இரண்டரையில் தொளதொள டவுசரைத் தானே கழற்றும். மூன்றில் சிலதைத் தானே மாட்டும். கழற்றுவதுதான் எப்போதும் முதலில் வரும், மாட்டுவது பின்னால். பிள்ளைக்குப் பிள்ளை நாலைந்து மாதம் முன்னே பின்னே இருக்கும். இரண்டரை வயதாகியும் எதிலுமே கை வைக்கவில்லை என்றால் குழந்தை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். சண்டை அதிகம் வருவது அதில்தான்.

ஆச்சி வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை, குறை அந்தப் பிரியத்தில்தான். வீட்டு முன்கட்டான தார்சாவில் உட்கார்த்தி வைத்து, காக்கா காட்டி, பூனை காட்டி, முடியாவிட்டால் போனைக் காட்டி, ஒரு கும்பா (பித்தளைக் கிண்ணம்) சோறும் உள்ளே போய்விடும். போகிற சோறு பிள்ளைக்குத் தெரியாது. வயிறு நிறைந்ததும் அதற்குத் தெரியாது. "ஊட்டினாத்தாமுட்டி ஒடம்புல ஒட்டும்" என்பது அம்மாவின் கட்சி. இதில் அம்மாவை வெல்ல முடியாது. சோற்றை மாற்றலாம்.

இதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டுச் சொதி சிறு பிள்ளைக்கு நல்ல சாப்பாடு: தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, குழைந்த காய். ஆனால் அதைத் தானே தின்னச் சொன்னால் முழங்கை வழியாக ஒழுகிவிடும். ரசஞ்சோறு அதைவிட மோசம். உளுந்தஞ்சோறு அப்படியில்லை. தொலி உளுந்தும் தேங்காயும் சேர்ந்து குழைந்த சோறு, ஆறினதும் கையில் ஒட்டி நிற்கும். சின்ன உருண்டையாக ஐந்தாறு பிடித்து வைத்தால் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைக்கூட வழியில் விடாமல் வாய்க்குக் கொண்டுபோய்விடும். இட்லியை விரல் நீளத்துக்குக் கீறி வைப்பதும் இதே கதைதான். பிசைந்து எடுப்பது கடைசிப் பாடம். கட்டியானதில் தொடங்கி, பருப்புச்சோறு, குழம்புச்சோறு, அப்புறம்தான் சொதி என்று வந்தால் சிந்துவது பாதியாகக் குறையும்.

பாத்திரமும் முக்கியம். அகலத் தட்டில் பிள்ளை சோற்றைத் தள்ளத் தள்ள அது ஓடிக்கொண்டே இருக்கும். கும்பாவிலோ விளிம்பு உயர்ந்த கிண்ணத்திலோ சோறு சுவரில் மோதி நிற்கும், விரலோ கரண்டியோ அதை அங்கே பிடித்துவிடும். பரணில் கிடந்த சின்னக் கும்பா ஒன்றை அம்மா புளி போட்டு விளக்கி எடுத்தாள். ரசத்தையும் புளிக்குழம்பையும் மட்டும் அதில் ஊற்றுவதில்லை. பித்தளைக்குப் புளிப்பு ஆகாது.

பால்வாடிக்கு ஒருநாள் பன்னிரண்டு மணி வாக்கில் போய் நின்றேன். சமையல் வாசம் வந்துவிட்டது. ஆயா ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, வரிசையில் வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போணி ஊற்றினார். சோப்பைப் பிள்ளைகளே கை மாற்றிக்கொண்டார்கள். சம்மணம் போட்டு இரண்டு வரிசை. அன்றைக்கு முட்டை. வாரத்தில் மூன்று நாள் உண்டு. ஆயா தட்டில் ஒரு தட்டுத் தட்டி விரிசல் மட்டும் விட்டுக் கொடுத்தார். மீதித் தொலியைப் பிள்ளை உரிக்க வேண்டும். ஒரு சிறுவன் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, அரிசி அரிசியாக அந்தத் தொலியைப் பிய்த்ததை நான் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி வெள்ளைக்கருவும் தொலியோடு போனது. யாரும் வாங்கி உரித்துக் கொடுக்கவில்லை. இருபது பிள்ளைக்கு ஒரு ஆயா, அவருக்கு நேரமும் இல்லை. அந்த நேரமின்மை இந்த ஒரு காரியத்தில் பிள்ளைக்கு லாபம்.

என் பெண்ணை உட்கார வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். டீச்சர் சரி என்றார். ஆச்சி வீட்டில் காக்கா காட்டினால்தான் வாய் திறக்கிறவள், பக்கத்துப் பிள்ளையின் தட்டையே பார்த்துக்கொண்டு நாலு வாய் தானே அள்ளினாள். ஒத்த வயதுக்காரர்கள் தின்னும்போது தின்னத் தோன்றுவது பெரியவர்களுக்கும் உள்ளதுதான், கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்தால் தெரியும்.

இந்த மதியச் சோற்றுக்குப் பின்னால் கதை உண்டு. அங்கன்வாடித் திட்டத்தை 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். கிராமப்புறங்களில் தொடங்கிய சத்துணவு இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. பசிக்குச் சோறு போடத்தான் திட்டம். தானே உண்ணப் பழகுவது அந்தப் பந்தியில் உட்கார்ந்ததால் கூடவே வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிளே ஸ்கூலில் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே விடவில்லை. "அட்மிஷன் டைம்ல முழுசாச் சுத்திக் காட்டுவோம் மேடம்" என்றார்கள். காட்டினார்கள். முழங்கால் உயர வாஷ்பேசின், குட்டிக் கம்மோடு, பெயர் எழுதிய கொக்கியில் பை. எல்லாம் அழகு. அங்கே பிள்ளையை விடும் தெரிந்த ஒரு அக்காவிடம் கேட்டால், டிபன் பாக்ஸை முடிக்காவிட்டால் பெற்றோர் குறை சொல்கிறார்கள் என்று மிஸ்ஸே ஊட்டி முடித்துவிடுவார்களாம். மிஸ்ஸைக் குறை சொல்லமாட்டேன். காலி டப்பா கேட்கிறவர்கள் நாம்தான்.

பொத்தான் மாட்டுவது, தண்ணீர் ஊற்றுவது, தரை துடைப்பது எல்லாம் பாடமாக வைக்கலாம் என்று ரோமில் 1907-ல் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர் மரியா மாண்டிசோரி. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர் மூண்டதால் வருடக்கணக்கில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அவர் பெயரைப் பலகையில் எழுதியிருக்கும் இடங்களில் பொத்தான் பழகும் மரச்சட்டம் அலமாரியில் இருக்கிறதா, பிள்ளை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த இடத்தில் சட்டத்தின் பொத்தான்களில் ஒரு அழுக்கு இல்லை.

அடுத்தது கழிப்பறை. இதில் ஆச்சிக்கு இணை யாரும் இல்லை.

அம்மா டயப்பரை ஒருநாளும் மதித்ததில்லை. பிள்ளை குப்புற விழத் தொடங்கிய நாள் முதல், காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவே பிள்ளையை உட்கார வைத்து, 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கொடுப்பாள். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, பால் குடித்ததும் ஒரு தடவை. சிறு பிள்ளைக்கு அது பழக்கம்தான். தனக்கு வருகிறது என்று தானே உணர்ந்து சொல்வது ஒன்றரை வயதிலிருந்து மூன்றுக்குள் மெல்ல வரும். இரண்டு மணி நேரம் ஈரமில்லாமல் இருக்கிறதா, வந்தபிறகாவது வந்து சொல்கிறதா, டவுசரை இறக்கப் பார்க்கிறதா? இந்த மூன்றும் தென்பட்டால் தொடங்கலாம். ராத்திரி நனைப்பது தனிக் கணக்கு, ஐந்து வயதிலும் சில பிள்ளைகள் நனைக்கும். அதற்குத் திட்டுவதில் அர்த்தமில்லை.

ஆச்சியிடம் உள்ள இன்னொரு வசதி, நனைந்தால் பதறமாட்டாள். "போய்ட்டியா? சரி, வா கழுவுவோம்." அவ்வளவுதான். பிளே ஸ்கூலில் விண்ணப்பத்திலேயே ஒரு நாளைக்கு இரண்டு டயப்பர் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. சித்திரை வெயிலில் காலை எட்டு மணி வேனில் ஏறிய பிள்ளை அதே டயப்பரோடு மத்தியானம் இறங்கினால் தொடை சிவந்துபோகும், மூத்தவனிடம் பார்த்திருக்கிறேன். பால்வாடியில் பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து போகும், பார்த்துப் பழகும். ஆனால் கழுவிவிட ஆள் போதாது. ஆயாவுக்கு அடுப்பு, டீச்சருக்குப் போனில் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் பிள்ளைகள் கணக்கைப் பதிகிற வேலை. பழகின பிள்ளைக்கு அது தோதான இடம், பழகாத பிள்ளைக்குச் சிரமம்.

காலமும் பார்க்க வேண்டும். இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை, துணி துவைக்கிறவளுக்குத் தெரியும். டயப்பரை விடும் முதல் பத்து நாளில் ஒரு நாளைக்கு ஏழெட்டு ஜட்டி. பங்குனி, சித்திரையில் தொடங்கினால் புறவாசல் கொடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் மலைச் சாரல் அடிக்கும், துணி பிசுபிசுவென்று நிற்கும். ஐப்பசி அடைமழையில் தொடங்கினால் மூன்றாம் நாளே மனசு வெறுத்து டயப்பரைத் திரும்ப மாட்டிவிடுவோம்.

ஆச்சி வீட்டில் எனக்கு உள்ள ஒரே பயம் தண்ணீர். அங்கணத்தில் அண்டா, புறவாசலில் தொட்டி, குளிக்கிற இடத்தில் எந்நேரமும் நிறைந்த வாளி. நடை பழகிய பிள்ளை தலைகுப்புற விழுந்தால் அரை வாளித் தண்ணீர் போதும், சத்தமும் வராது. கை கழுவப் பழக்குகிறேன் என்று தண்ணீர் ஆசையையும் நாமே வளர்க்கிறோம். அம்மாவுக்கு முட்டு வலி, ஓட முடியாது. வாளியைக் கவிழ்த்து வைப்பது, தொட்டிக்குத் தகரம் போட்டு மேலே கல் வைப்பது, புறவாசல் கதவுக்கு மேல் தாழ்ப்பாள், இந்த மூன்றும் செய்த பிறகுதான் ஆச்சி வீட்டை நான் பட்டியலில் வைத்தேன்.

உடுப்பு விஷயத்தில் எந்த இடம் என்பதைவிட எந்த உடுப்பு என்பதுதான் கேள்வி. இலாஸ்டிக் டவுசர், தலை நுழைகிற தொளதொள பனியன், வார் இல்லாத செருப்பு போதும். பிளே ஸ்கூல் யூனிபார்மில் பெல்ட், ஷூ, முதுகில் ஜிப். முதுகில் ஜிப் வைத்தவர் பிள்ளை வளர்த்திருக்க மாட்டார். கழிப்பறை போகப் பழகும் பிள்ளைக்குப் பெல்ட் போடுவதும் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே போ என்பதும் ஒன்று. பால்வாடிக்கு நாம் போட்டு அனுப்புவதுதான் உடுப்பு.

பல் தேய்ப்பதை எந்த இடத்திலும் ஒப்படைக்க முடியாது. மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு பேஸ்ட், அதன்பிறகு ஒரு பட்டாணி அளவு. பிள்ளை ஒரு சுற்று தேய்க்கட்டும், கடைசிச் சுற்று நாம். ஆறேழு வயது வரை அப்படித்தான். ஆச்சியின் உப்புக்கரி அவள் பல்லோடு இருக்கட்டும்.

இடது கைக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இடது கையால் எடுத்தால் "சோத்துக் கைய எடுட்டி" என்று மூன்று திசையிலிருந்தும் சத்தம் வரும். எந்தக் கை என்பது இரண்டு வயதில் முழுசாக உறுதிப்படுவதில்லை. நான் கும்பாவை வலப்பக்கம் நகர்த்தி வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முக்கூடலில் எனக்கு ஒரு சிநேகிதி, பீடி சுற்றுகிறவள். மடியில் தட்டு, கையெல்லாம் தூள். அந்தக் கையால் பிள்ளைக்கு ஊட்ட முடியாது, எழுந்து கழுவிவிட்டு வந்தால் அன்றைக்கு எண்ணிக்கை குறையும். அதனால் அவள் மகன் ஒன்றே முக்கால் வயதிலேயே தானே தின்றான், தட்டைத் தானே கொண்டுபோய்ப் போட்டான். இதை வளர்ப்பு முறை என்று பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புகையிலைத் தூள் பக்கத்தில் பிள்ளை இருப்பதே ஆபத்து, அவளுக்கும் அது தெரியும். பீடித் தட்டையும் கத்தரியையும் எட்டாத இடத்தில் வைக்கத் தனி ஆணி அடித்திருக்கிறாள். ஆனால் ஒன்று புரிந்தது. அவளுக்கு அவகாசமில்லை, என் அம்மாவுக்கு அவகாசம் நிறைய. தானே தின்றது அவள் பிள்ளை. சாப்பாட்டில் கை குறைவாக நீளும் இடம் பிள்ளைக்கு நல்லது. கழிப்பறையில் கை உடனே நீளும் இடம் நல்லது. ஒரே இடத்தில் இரண்டும் கிடைக்கவில்லை.

அதனால் ஒரே இடத்தில் விடவில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் முழுக்க ஆச்சி வீடு, டயப்பருக்கு விடை. ஜூன் முதல் காலையில் ஆச்சியே பால்வாடியில் விட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் கூட்டி வருவாள், தூக்கம் ஆச்சி வீட்டில். பிளே ஸ்கூல் இல்லை. பாட்டி தாத்தா அருகில் இல்லாத வீடு என்றால் நானும் பிளே ஸ்கூலைத்தான் எடுப்பேன், டயப்பர் வேண்டாம், ஊட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு. அங்கிருந்து நான் கொண்டுவந்தது பிள்ளை உயரக் கொக்கி ஒன்று, வாஷ்பேசின் முன்னால் போட ஒரு முக்காலி.

எங்கள் பங்கு ராத்திரிச் சாப்பாடும் ஞாயிற்றுக்கிழமைக் குளியலும். காலையில் எதையும் பழக்குவதில்லை என்று நானும் இவளுடைய அப்பாவும் முடிவு செய்திருக்கிறோம். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் பிள்ளை செருப்பை இடமும் வலமும் மாற்றி மாட்டிக்கொண்டு நிற்கும்போது எனக்குப் பொறுமை வராது, வரும் என்று நடிக்கவும் முடியாது. தூக்கிக்கொண்டு ஓடுவதுதான்.

அம்மாவோடு ஊட்டுவது பற்றி ஒரு உடன்படிக்கை. உளுந்தஞ்சோறோ இட்லியோ, பிள்ளை தானே தின்னும். ஆச்சி எதிரே உட்கார்ந்து தானும் தின்ன வேண்டும், போன் உள்ளறையில் இருக்கும். பிள்ளை போதும் என்றால் போதும். ஆச்சியின் மனசுக்காகக் கடைசி உருண்டை மட்டும் அவள் கையால். இரண்டு வாரமாக இது நடக்கிறது. பிள்ளை நன்றாகத்தான் தின்கிறாள். கடைசி உருண்டைதான் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போகிறது.